மாத்திரையை நிறுத்தியதால்தான் கரு தங்கவில்லையா?

கேள்வி: எனக்கு வயது 33. திருமணமாகி ஏழு ஆண்டுகள் ஆகின்றன. மாதவிலக்கு 28 அல்லது 30 நாளுக்கு ஒருமுறை தவறாமல் வரும். கருக்குழாய் இரண்டும் அடைபட்டிருப்பதால் டெஸ்ட் டியூப் சிகிச்சைக்குச் சென்றோம். முதல் முறை, முட்டை எடுத்த அதே மாதத்தில் கரு வைத்தார்கள்; தங்கவில்லை. இரண்டாம் முறை, உறைய வைத்திருந்த ஐந்தாம் நாள் கருவை வைத்து, பதினான்காம் நாள் இரத்தப் பரிசோதனைக்கு வரச் சொன்னார்கள். ஒன்பதாம் நாள் காலையில் லேசாகக் கறை பட்டது. ‘வந்துவிட்டது, இனி மருந்து எதற்கு’ என்று வீட்டில் சொன்னதால் எல்லா மாத்திரைகளையும் நிறுத்திவிட்டேன். பன்னிரண்டாம் நாள் முழுதாக மாதவிலக்கு ஆகிவிட்டது, பரிசோதனைக்கும் போகவில்லை. கரு வைத்த அன்று எடுத்த அறிக்கையில், கர்ப்பத்தைத் தாங்கும் ஹார்மோனான புரோஜெஸ்டிரோன் 6.4 என்று இருக்கிறது. அடுத்த முறை பிறப்புறுப்பின் உள்ளே வைக்கும் மாத்திரையுடன் ஊசியும் போட்டு 12 வாரம் வரை தொடர வேண்டும் என்கிறார் மருத்துவர். என் தோழி வாயில் போடும் மாத்திரை மட்டுமே எடுத்தாள். இன்று கையில் குழந்தையோடு இருக்கிறாள். நான் மருந்தை நிறுத்தியதுதான் கருவைக் கெடுத்ததா? இவ்வளவு ஹார்மோன் குழந்தையைப் பாதிக்காதா? கருப்பைச் சுவரில் தசை எடுத்துச் செய்யும் விலை உயர்ந்த பரிசோதனை ஒன்றையும் சொல்கிறார்கள், செய்யலாமா? கரு வைத்த பிறகு படுத்தே இருக்க வேண்டுமா? சென்ற முறை மீந்த மாத்திரைகளைப் பயன்படுத்தலாமா?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் கேட்டிருப்பவற்றில் முதல் கேள்விதான் இத்தனை மாதங்களாக உங்களை உறங்கவிடாமல் வைத்திருக்கிறது என்பது கடிதத்தைப் படிக்கும்போதே தெரிகிறது. ஆகவே அதிலிருந்தே தொடங்குகிறேன். ஐந்தாம் நாள் கருவை வைத்தால், பதியக்கூடிய கரு ஓரிரு நாட்களில் கருப்பையின் உட்சுவரைப் பற்றத் தொடங்கிவிடும். ஒன்பதாம் நாளுக்குள் அது சுரக்கும் எச்சிஜி என்னும் ஹார்மோன் இரத்தத்தில் அளந்து சொல்லக்கூடிய நிலைக்கு வந்திருக்கும். அன்று காலை கறை பட்டவுடன் ஒரு குழாய் இரத்தம் எடுத்திருந்தால் கரு பதிந்திருந்ததா இல்லையா என்பது மாலைக்குள் தெரிந்திருக்கும். எடுக்கவில்லை, இனி அதை எவராலும் சொல்ல முடியாது. பன்னிரண்டாம் நாள் வந்த இரத்தப்போக்கும் எதையும் நிரூபிப்பதில்லை, ஏனென்றால் அந்த மாத்திரைகளில் இருந்த புரோஜெஸ்டிரோனை நிறுத்தினால் இரண்டு மூன்று நாளில் கருப்பைச் சுவர் உதிர்வது இயல்பு. எல்லா மருந்துகளையும் வேளை தவறாமல் எடுத்துக்கொண்ட பெண்களிடமும், பார்வைக்கு மிக நல்ல தரத்தில் இருந்த கருக்கள் பதியாமல் போவதை நாங்கள் வாரந்தோறும் காண்கிறோம். பெரும்பாலும் அதற்குக் கருவின் குரோமோசோம் எண்ணிக்கையில் உள்ள பிழையே காரணமாக இருக்கிறது. உங்கள் முதல் முயற்சியில் நீங்கள் எதையும் நிறுத்தவில்லை, அப்போதும் கரு தங்கவில்லை என்பதையும் எண்ணிப் பாருங்கள்.

கறை பட்டால் என்ன செய்ய வேண்டும் என்பதை ஒரு தாளில் எழுதிக் கையில் கொடுத்து அனுப்ப வேண்டியது சிகிச்சை அளிப்பவர்களின் கடமை. அது நடக்கவில்லை. அந்தப் பிழையின் சுமையை நீங்கள் சுமக்க வேண்டியதில்லை. ஆனால் அடுத்த முறை அது திரும்ப நடக்கக் கூடாது. ஏன் கூடாது என்பதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் காரணம் புரிந்த பெண்கள் மருந்தைத் தவறவிடுவது மிகக் குறைவு என்பது என் அனுபவம்.

இயல்பான மாதத்தில் சினைப்பையிலிருந்து முட்டை வெளியேறிய பிறகு, அது இருந்த சிறு பை மஞ்சள் நிறத் திசுவாக மாறுகிறது. இதற்கு மருத்துவத்தில் கார்பஸ் லூட்டியம் என்று பெயர். புரோஜெஸ்டிரோனைச் சுரப்பது இதுதான். அதுவரை ஈஸ்ட்ரோஜன் என்னும் ஹார்மோனால் தடித்து வளர்ந்திருந்த கருப்பைச் சுவரை, கருவை ஏற்கும் மெத்தையாகப் பதப்படுத்துவதும், கருப்பைத் தசை அடிக்கடி சுருங்காமல் அமைதிப்படுத்துவதும், அயலான கருவைத் தாயின் நோய் எதிர்ப்பு அணுக்கள் சகித்துக்கொள்ளும்படி செய்வதும் புரோஜெஸ்டிரோனின் வேலைகள். 1929இல் அமெரிக்காவில் ஜார்ஜ் கார்னர், வில்லார்ட் ஆலன் என்னும் இருவர், கருவுற்ற முயல்களின் சினைப்பைகளை அகற்றிவிட்டு இந்த மஞ்சள் திசுவின் சாற்றை மட்டும் ஊசியாகச் செலுத்தி, கர்ப்பம் தொடர்வதைக் காட்டினார்கள். அந்தச் சாற்றில் இருந்த பொருளைப் பிரித்தெடுத்த பிறகு வைத்த பெயரே புரோஜெஸ்டிரோன். கர்ப்பத்தைக் காப்பது என்பதே அந்தப் பெயரின் பொருள்.

இனி உங்களுக்கு நடந்த இரண்டு முயற்சிகளுக்கும் உள்ள வேறுபாட்டைப் பாருங்கள். முதல் முறை, முட்டைகள் எடுத்த மாதத்திலேயே கரு வைத்தார்கள். அப்போது உங்கள் சினைப்பையில் ஒன்றல்ல, பல மஞ்சள் திசுக்கள் இருந்தன. ஆனால் தூண்டுதல் ஊசிகளால் ஹார்மோன் அளவு மிகையாக உயரும்போது, மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி, மஞ்சள் திசுவுக்கு ஊட்டம் தரும் எல்எச் என்னும் ஹார்மோனின் சுரப்பைக் குறைத்துக்கொள்கிறது. அந்த ஊட்டம் இல்லாமல் மஞ்சள் திசுக்கள் முன்கூட்டியே வாடிவிடுகின்றன. உலகின் முதல் டெஸ்ட் டியூப் குழந்தைக்காகப் பாடுபட்ட எட்வர்ட்ஸும் ஸ்டெப்டோவும் பல ஆண்டுகள் இந்தச் சிக்கலில்தான் தடுமாறி, கடைசியில் தூண்டுதல் ஊசியையே கைவிட்டு இயல்பான சுழற்சியில் கிடைத்த ஒற்றை முட்டையைக் கொண்டு 1978 ஜூலையில் வெற்றி கண்டார்கள். அதே ஆண்டு அக்டோபரில் கொல்கத்தாவில் பிறந்த டெஸ்ட் டியூப் குழந்தைக்கு டாக்டர் சுபாஷ் முகர்ஜி வேறு வழியைக் கையாண்டிருந்தார்: தூண்டுதல் ஊசி போட்டு எடுத்த முட்டையில் உருவான கருவை உறைய வைத்து, பிந்தைய ஓர் இயல்பான சுழற்சியில் தாயின் கருப்பையில் வைத்தார். அவருடைய காலத்தில் அவரை நம்பவில்லை. இன்று உலகமெங்கும் நாங்கள் செய்வது ஏறத்தாழ அதைத்தான்.

உங்கள் இரண்டாம் முயற்சி இந்த இரண்டு வகையிலும் சேராதது. ஈஸ்ட்ரோஜன் மாத்திரையை நாளொன்றுக்கு மூன்று வேளை கொடுத்து, கருப்பைச் சுவர் ஏழு மில்லிமீட்டருக்கு மேல் வளர்ந்ததை ஸ்கேனில் பார்த்து, பிறகு புரோஜெஸ்டிரோனைத் தொடங்கி ஆறாம் நாளில் கருவை வைத்திருக்கிறார்கள். இப்படி மருந்தாலேயே நடத்தப்படும் சுழற்சியில் முட்டை வெளியாவதில்லை. ஆகவே மஞ்சள் திசுவும் இல்லை. உடல் தானாகச் சுரப்பது ஏறக்குறைய ஒன்றுமில்லை. நீங்கள் எடுத்துக்கொண்ட மருந்து, உடலில் ஏற்கெனவே இருப்பதன்மேல் கூடுதலாகக் கொடுத்த சத்து அல்ல. இருந்த புரோஜெஸ்டிரோன் முழுவதும் அதுவே. அதை நிறுத்துவது கிணற்றின் ஒரே ஊற்றை அடைப்பதற்குச் சமம். இந்த ஒரு செய்தி மட்டும் மனத்தில் பதிந்துவிட்டால் மற்ற அறிவுரைகள் எல்லாம் எளிதாகிவிடும்.

தோழி வாயில் போடும் மாத்திரையோடு குழந்தை பெற்றதற்கும் உங்களுக்கு ஊசி சொல்வதற்கும் விளக்கம் இதிலேயே இருக்கிறது. அவர் எடுத்தது டைட்ரோஜெஸ்டிரோன் என்னும் மாத்திரையாக இருக்க வேண்டும். இந்தியப் பெண்களும் பங்கேற்ற லோட்டஸ் என்னும் பெரிய ஆய்வு உட்பட, 2017, 2018 ஆண்டுகளில் வெளியான இரண்டு ஆய்வுகளில், முட்டை எடுத்த அதே மாதத்தில் கரு வைத்த பெண்களுக்கு நாளொன்றுக்கு 30 மில்லிகிராம் டைட்ரோஜெஸ்டிரோன், உள்ளே வைக்கும் புரோஜெஸ்டிரோனுக்கு எவ்வகையிலும் குறைவில்லை என்று தெரியவந்தது. உங்கள் தோழிக்கு மஞ்சள் திசுவின் பங்கும் துணையாக இருந்திருக்கலாம். உங்களுடையது மருந்துச் சுழற்சி. அமெரிக்காவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட உறைநிலைக் கருக்களை இதே முறையில் வைத்துச் செய்து 2021இல் வெளியிட்ட ஆய்வில், உள்ளே வைக்கும் மருந்து மட்டும் எடுத்தவர்களில் 100க்கு 27 பேருக்கும், தினமும் ஊசி போட்டவர்களில் 44 பேருக்கும், உள்ளே வைக்கும் மருந்துடன் மூன்று நாளுக்கு ஓர் ஊசி சேர்த்துக்கொண்டவர்களில் 46 பேருக்கும் குழந்தை பிறந்தது. அந்த ஆய்வில் கொடுத்த அளவு நம் ஊரில் வழக்கமாகக் கொடுக்கும் அளவைவிடக் குறைவு என்பதால் எண்களை அப்படியே எடுத்துக்கொள்ள நான் சொல்லமாட்டேன். ஆனால் ஊசியைச் சேர்க்க வேண்டும் என்ற உங்கள் மருத்துவரின் முடிவுக்கு அது வலுவான ஆதாரம்.

உங்கள் 6.4 என்ற அளவும் அதே திசையைத்தான் காட்டுகிறது. உள்ளே வைக்கும் மாத்திரை கருப்பைக்கு நேரடியாகச் செல்வதால் கருப்பைத் திசுவில் அளவு நன்றாக இருந்தாலும் இரத்தத்தில் குறைவாகவே தெரியும். இருந்தும், மருந்துச் சுழற்சியில் கரு வைக்கும் நாளில் இரத்த அளவு ஒரு மில்லிலிட்டருக்குச் சுமார் 9 அல்லது 10 நானோகிராமுக்குக் கீழே இருந்த பெண்களுக்குக் கர்ப்பம் நிலைப்பது குறைவு என்று ஸ்பெயினில் நடந்த ஆய்வுகள் காட்டியுள்ளன. ஒரே அளவு மருந்து ஒருவர் உடலில் நன்றாக ஏறும், மற்றவர் உடலில் ஏறாது. இதில் உங்கள் தவறு எதுவும் இல்லை. அடுத்த முறை கரு வைப்பதற்கு முந்தைய நாளே இரத்த அளவைப் பார்க்கச் சொல்லுங்கள். குறைவாக இருந்தால் அன்றே ஊசியைக் கூட்டிக்கொள்ள அவகாசம் கிடைக்கும். டைட்ரோஜெஸ்டிரோன் எடுப்பவர்களுக்கு இந்தப் பரிசோதனை பயன்படாது, ஏனென்றால் அந்த மருந்து இந்த அளவீட்டில் தெரியாது. அளவு போதுமானதாகிவிட்ட பிறகு, மேலும் மேலும் கூட்டுவதால் கரு கூடுதலாக ஒட்டிக்கொள்ளும் என்பதற்கு ஆதாரம் கிடையாது.

நீங்கள் கேட்காத இரண்டு விஷயங்களை நானே சொல்ல வேண்டும். ஒன்று, உங்கள் மாதவிலக்கு ஒழுங்காக இருக்கிறது. அப்படியானால் மருந்துச் சுழற்சிதான் வேண்டும் என்பதில்லை. உங்கள் சொந்த முட்டை வெளியாகும் நாளைக் கண்காணித்து, இயல்பான சுழற்சியிலேயே உறைநிலைக் கருவை வைக்கலாம். அதற்குச் சில நாட்கள் ஸ்கேனுக்கும் இரத்தப் பரிசோதனைக்கும் அலைய வேண்டியிருக்கும், கரு வைக்கும் நாளை முன்கூட்டியே உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் மஞ்சள் திசு இருப்பதால் ஊற்று உங்கள் உடலிலேயே இருக்கும், வெளியிலிருந்து கொடுக்கும் புரோஜெஸ்டிரோன் துணைக்கு மட்டுமே. மஞ்சள் திசு இல்லாத மருந்துச் சுழற்சியில் கருவுற்றவர்களுக்குக் கர்ப்பகால இரத்த அழுத்த நோய் கூடுதலாக வருவதைப் பல ஆய்வுகள் கண்டிருக்கின்றன என்பதாலும் நான் இதை விரும்புகிறேன். அடுத்த சந்திப்பில் இதைக் கேளுங்கள். உங்கள் மருத்துவருக்கு மறுக்கக் காரணம் இருந்தால் அதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

இரண்டு, உங்கள் கருக்குழாய் அடைபட்டது மட்டுமா, அல்லது குழாயில் நீர் கோத்து வீங்கியும் இருக்கிறதா? நீர் கோத்திருந்தால் அந்த நீர் கருப்பைக்குள் கசிந்து கரு பதிவதைக் கெடுக்கும். எவ்வளவு ஹார்மோன் கொடுத்தாலும் அது ஈடுகட்டாது. கரு வைப்பதற்கு முன்பே, சிறு துளை வழியே செய்யும் லேப்ராஸ்கோப்பி அறுவை மூலம் அந்தக் குழாயை அகற்றுவதோ, கருப்பையை ஒட்டிய இடத்தில் அடைப்பதோ வாய்ப்பைத் தெளிவாகக் கூட்டுகிறது. பழைய ஸ்கேன், எக்ஸ்ரே அறிக்கைகளை எடுத்துக்கொண்டு போய் இந்த ஒரு கேள்வியைக் கட்டாயம் கேளுங்கள். ஹார்மோனைப் பற்றிய உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது இந்தக் குழாய் அடைப்புதான்.

கருப்பையின் உட்சுவரில் சிறு திசு எடுத்து மரபணுக்களைப் பார்த்து, கரு வைக்க வேண்டிய நேரத்தைச் சொல்வதாகக் கூறும் பரிசோதனைக்கு என் பரிந்துரை இல்லை. 2022இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வெளியான, 767 பேரை வைத்துச் செய்த ஆய்வில், பரிசோதனையின்படி நேரம் மாற்றியவர்களில் 58.5 விழுக்காட்டினருக்கும், மாற்றாமல் வழக்கப்படி வைத்தவர்களில் 61.9 விழுக்காட்டினருக்கும் குழந்தை பிறந்தது. அந்தப் பணத்தை வைத்துக்கொள்ளுங்கள்.

குழந்தைக்குப் பாதிப்பு வருமோ என்ற அச்சம் வேண்டாம். உள்ளே வைக்கும் மாத்திரையிலும் ஊசியிலும் இருப்பது உடல் சுரக்கும் அதே புரோஜெஸ்டிரோன். நஞ்சுக்கொடி பின்னாளில் சுரக்கப்போகும் அளவோடு ஒப்பிட்டால் நாம் கொடுப்பது சிறிது. 12 வாரக் கணக்கும் ஊகத்தில் வந்ததல்ல. 1970களில் அர்பாட் சாப்போ என்னும் மருத்துவர் செய்த ஆய்வுகளில், ஏழு வாரத்துக்கு முன் மஞ்சள் திசுவை அகற்றினால் கர்ப்பம் கலைந்ததும், ஒன்பது வாரத்துக்குப் பின் அகற்றினால் தொடர்ந்ததும் தெரியவந்தது. இடைப்பட்ட நாட்களில் நஞ்சுக்கொடி பொறுப்பை ஏற்றுக்கொள்கிறது. உங்களிடம் மஞ்சள் திசு இல்லாததால், நஞ்சுக்கொடி உறுதியாகத் தன் காலில் நிற்கும் வரை, அதாவது 10 முதல் 12 வாரம் வரை கொடுக்கிறோம். ஐந்தாம் நாள் கருவை வைத்த நாளையே 2 வாரம் 5 நாள் என்று கணக்கிடுவோம். ஆகவே கரு வைத்ததிலிருந்து 51ஆம் நாள் 10 வாரமும், 65ஆம் நாள் 12 வாரமும் நிறைகின்றன. நாட்காட்டியில் இந்த இரண்டு நாட்களையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். காலில் இரத்தம் கட்டிய வரலாறோ, பார்வை மினுமினுப்போடு வரும் ஒற்றைத் தலைவலியோ இருந்தால் மட்டும் ஈஸ்ட்ரோஜன் மாத்திரையைத் தொடங்கும் முன்பே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

நடைமுறையில் பெண்கள் தடுமாறும் இடங்கள் எனக்குத் தெரியும். என்னிடம் வந்த ஓர் ஆசிரியை, மதிய வேளை மாத்திரையைப் பள்ளிக் கழிப்பறையில் அவசர அவசரமாக வைத்துவிட்டு வகுப்புக்கு ஓடுவார். மாலைக்குள் மருந்து கரைந்து உள்ளாடையில் வெள்ளையாக இறங்கியதைப் பார்த்து, மருந்து முழுதும் வீணாகிவிட்டதென்று அழுதார். அது மருந்தின் சக்கைதான்; உறிஞ்சப்பட வேண்டியது பெரும்பாலும் உறிஞ்சப்பட்டிருக்கும். அவருக்கு மூன்று வேளையை, அளவைச் சரிசெய்து, காலை ஆறு மணி, மாலை ஆறு மணி என இரண்டு வேளையாக மாற்றிக் கொடுத்தோம். உங்களுக்கும் வேலை நேரம் இடைஞ்சலாக இருந்தால் முன்கூட்டியே சொல்லி நேரத்தை மாற்றிக் கேளுங்கள். கையைக் கழுவி, படுத்த நிலையில் விரல் எட்டும் வரை உள்ளே வைத்து, கால் மணி நேரம் படுத்திருந்தால் போதும். ஒரு வேளை மறந்துபோனால் நினைவு வந்தவுடன் வையுங்கள்; அடுத்த வேளை நெருங்கிவிட்டால் இரண்டாகச் சேர்க்காமல் அந்த வேளையை மட்டும் வைத்து, மருத்துவமனைக்குத் தொலைபேசியில் சொல்லுங்கள். எல்லாவற்றையும்விட, புரோஜெஸ்டிரோனைத் தொடங்கும் முதல் வேளை தவறக் கூடாது. கரு வைக்கும் நாள் அதிலிருந்தே எண்ணப்படுகிறது. அது தாமதமானால் மறைக்காமல் உடனே சொல்லிவிட வேண்டும்.

எண்ணெயில் கரைத்த ஊசி வலிக்கும் என்பதை மறைக்கப்போவதில்லை. மருந்துக் குப்பியை உள்ளங்கையில் சில நிமிடம் வைத்துச் சூடேற்றினால் எண்ணெய் இளகும். புட்டத்தின் மேற்பகுதியில் வெளிப்புறமாக, ஒரு நாள் வலம், ஒரு நாள் இடம் என்று மாற்றிப் போட வேண்டும். போட்ட பின் தேய்த்து, சிறிது நடந்தால் கட்டி விழுவது குறையும். சில ஊசிகளில் கடலை எண்ணெய் அல்லது எள் எண்ணெய் இருக்கும் என்பதால் அவை ஒவ்வாதவர்கள் முன்பே சொல்ல வேண்டும். பொறுக்க முடியவில்லை என்றால் வயிற்றுத் தோலுக்கடியில் போடும், நீரில் கரைந்த வகையும் இருக்கிறது, கேட்டுப் பாருங்கள்.

மார்பு கனப்பது, வயிறு உப்புவது, மலச்சிக்கல், தூக்கக் கலக்கம் ஆகிய எல்லாமே புரோஜெஸ்டிரோன் செய்வது. கரு பதிந்தாலும் இருக்கும், பதியாவிட்டாலும் இருக்கும். திடீரென மறைந்தாலும் அதற்குப் பொருளில்லை. காலையில் எழுந்ததும் மார்பைத் தொட்டுப் பார்த்து அந்த நாளைத் தீர்மானிக்காதீர்கள். படுத்தே கிடப்பதால் கரு நன்றாக ஒட்டும் என்பதற்கு ஆதாரமில்லை, மாறாகத் தீமை செய்யக்கூடும் என்றே ஆய்வுகள் சொல்கின்றன. நடக்கலாம், மாடி ஏறலாம், சமைக்கலாம், வேலைக்குப் போகலாம். கரு நழுவி விழுந்துவிடும் இடத்தில் வைக்கப்படுவதில்லை.

மறுபடியும் கறை பட்டால் நீங்கள் செய்ய வேண்டியதை உங்கள் மாமியாரும் கணவரும் அறியும்படி எழுதி அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டிவிடுங்கள்: மருந்து எதையும் நிறுத்தக் கூடாது, அன்றே மருத்துவமனைக்குத் தெரிவிக்க வேண்டும், ஒன்பதாம் நாளுக்கு மேல் என்றால் இரத்தத்தில் பீட்டா எச்சிஜி பார்க்க வேண்டும், அளவு இருந்தால் 48 மணி நேரம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். உள்ளே வைக்கும் மாத்திரை உராய்ந்தும் கறை படும், கரு பதியும்போதும் படும். இரத்தப்போக்கு அதிகமானால் உள்ளே வைக்கும் மருந்து சரியாக உறிஞ்சப்படாது என்பதால், அந்த நாட்களுக்கு ஊசியை மட்டும் நம்பும்படி மருத்துவர் மாற்றித் தருவார். ஒரு பக்கமாகக் கடும் வயிற்று வலியோ மயக்கமோ வந்தால், ஒற்றைக் கால் வீங்கினால், மூச்சுத் திணறினால் இரவானாலும் மருத்துவமனைக்குச் செல்லுங்கள். பரிசோதனையில் கரு பதியவில்லை என்று உறுதியான பிறகு, மருத்துவர் சொன்னால் மட்டுமே எல்லா மருந்தையும் ஒன்றாக நிறுத்த வேண்டும். சில நாட்களில் மாதவிலக்கு வந்துவிடும்.

மீந்த மாத்திரைகளைப் பற்றிய கேள்வி: காலாவதி நாளைப் பாருங்கள், அதோடு அவை சித்திரை வெயிலில் எங்கே இருந்தன என்பதையும் நினைவுபடுத்திப் பாருங்கள். மென்மையான ஜெலட்டின் உறையுள்ள அந்த மாத்திரைகள் சூட்டில் இளகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஒட்டியிருந்தாலோ உருமாறியிருந்தாலோ எறிந்துவிட்டுப் புதிது வாங்குங்கள். நன்றாக இருந்தால் மருத்துவரிடம் காட்டி, இந்த முறை எழுதியிருக்கும் அதே அளவுதானா என்று சரிபார்த்த பிறகு பயன்படுத்தலாம்.